குளிரைச் சொல்லும் காப்பு



பெங்களூர் நகரில் நீலசந்திரா என்று ஒரு பகுதி. அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. குறுகலான சந்துகள். ஒட்டி ஒட்டி வீடுகள். மார்கழி மாதம் விடியற்காலையில் தரையில் கால் வைக்க முடியாது. அவ்வளவு சில்லென்று இருக்கும். பெரியவர்களே கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள்.

அப்படி ஒரு விடியற்காலை. அங்கே ஒரு வீடு. கற்பனை வீடுதான். ஆனால் இதுபோலப் பல வீடுகள் உண்டு.

மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். குழந்தை ஒரு மாதம் முன்னதாகவே பிறந்துவிட்டது. எடை 1 கிலோ 900 கிராம். சில நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

"அம்மா, ராத்திரியிலிருந்து குழந்தை சரியா பாலே குடிக்கல. தூங்கிக்கிட்டே இருக்கு."

"சமத்துப் பிள்ளைடி. அழாம தூங்குது. எழுப்பாதே கண்ணு, விடு."

பாட்டி அன்பாகத்தான் சொல்கிறாள். ஆனால் அது நல்ல தூக்கம் இல்லை. குழந்தையின் உடம்பு குளிர்ந்துவிட்டது.

காய்ச்சல் வந்தால் உடம்பு கொதிக்கும். தொட்டவுடன் தெரியும். குளிர்ந்தால் அப்படித் தெரியாது. நமக்குக் குளிர்ந்தால் பல் கிட்டும், உடம்பு நடுங்கும். பச்சைக் குழந்தை அப்படி நடுங்காது. அழக்கூட அழாது. சோர்ந்து படுத்திருக்கும். பார்ப்பவர்கள் தூங்குகிறது என்று நினைப்பார்கள். ஆபத்தே இங்கேதான் இருக்கிறது.

குழந்தை ஏன் இவ்வளவு சீக்கிரம் குளிர்கிறது? அதன் தோல் மிகவும் மெல்லியது. உடம்பு சிறியது, தலை பெரியது. அந்தத் தலை வழியாகவே நிறையச் சூடு போய்விடும். மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தைக்குத் தோளிலும் முதுகிலும் ஒரு வகைக் கொழுப்பு இருக்கும். அதை எரித்துத்தான் குழந்தை சூடு உண்டாக்கிக்கொள்ளும். முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு அந்தக் கொழுப்பு குறைவு. விறகு இல்லாத அடுப்பு மாதிரி. உடம்பு குளிரக் குளிர, ரத்தத்தில் உள்ள சர்க்கரை செலவாகும். சர்க்கரை குறைந்தால் குழந்தை சோர்ந்துபோகும். சோர்ந்தால் பால் குடிக்காது. பால் இல்லை என்றால் சூடும் இல்லை. இப்படியே போனால் உயிருக்கே ஆபத்து.

பிறந்த குழந்தையின் உடல் சூடு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். பழைய கணக்கில் இது 97.7 முதல் 99.5 டிகிரி பாரன்ஹீட். அதற்குக் கீழே போனால் குழந்தை குளிர்கிறது என்று அர்த்தம். ஆனால் ராத்திரி முழுவதும் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு யார் விழித்திருப்பது?

நம் வீடுகளில் குழந்தை பிறந்தால் கையில் காப்பு போடுவார்கள். வசம்பு வளையல் போடுவார்கள். காப்பு என்றால் காவல். பெங்களூரில் புதுவிதமான காப்பு ஒன்றைச் செய்தார்கள். அதன் பெயர் பெம்பு. ரதுல் நரைன் என்ற பொறியாளர் தொடங்கிய நிறுவனம் அதைச் செய்தது. 2017ஆம் ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாக அமெரிக்காவின் 'டைம்' பத்திரிகை அதைச் சேர்த்தது.

அதைக் குழந்தையின் மணிக்கட்டில் கட்டுவார்கள். மெத்தென்ற பட்டை. உள்ளே சூட்டை அளக்கும் சின்னக் கருவி இருக்கிறது. உடம்பு சரியான சூட்டில் இருந்தால் நீல விளக்கு மினுக்கி மினுக்கி எரியும். சூடு குறைந்தால் ஆரஞ்சு விளக்கு எரியும். 'பீப் பீப்' என்று சத்தமும் வரும். தூங்கும் தாய் எழுந்துவிடுவாள். எழுத்தும் எண்ணும் படிக்க வேண்டியதில்லை. சுமார் 4 வாரம் வேலை செய்யும்படி அதைச் செய்தார்கள். குழந்தைக்கு மிகவும் ஆபத்தான காலமும் அந்த முதல் 4 வாரம்தான்.

இப்போது பெரியவர்களும் உடம்பை அளக்கும் கைக்கடிகாரம் கட்டுகிறார்கள். அது நாடித்துடிப்பை எண்ணும். எத்தனை அடி நடந்தோம் என்று சொல்லும். பெம்பு காப்பு அத்தனை வேலை செய்யாது. ஒரே ஒரு வேலைதான். ஆனால் அது உயிர் காக்கும் வேலை.

சரி, காப்பு கத்திவிட்டது. பிறகு? காப்பு கூப்பிடும், அவ்வளவுதான். சூடு கொடுக்காது. சூடு தாயின் நெஞ்சில் இருக்கிறது.

கங்காரு என்ற விலங்கு தன் குட்டியை வயிற்றுப் பையிலேயே வைத்து வளர்க்கும். தென் அமெரிக்காவில் கொலம்பியா என்று ஒரு நாடு. அதன் தலைநகரம் பொகோட்டா. 1978இல் அங்கே ஒரு மருத்துவமனையில் குழந்தைகளைச் சூடாக வைக்கும் பெட்டிகள் போதவில்லை. எட்கர் ரே என்ற மருத்துவர் ஒரு வழி கண்டார். எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு வைத்துக் கட்டச் சொன்னார். இதற்குக் கங்காரு முறை என்று பெயர் வந்தது.

பெட்டி இல்லாத ஊருக்கு ஏற்பட்ட ஏழை வைத்தியம் என்று சிலர் நினைத்தார்கள். அது தவறு. இந்தியா உள்பட 5 நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் சேர்ந்திருந்தது. 2021இல் முடிவு வெளிவந்தது. 1 கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள சுமார் 3,200 குழந்தைகளைப் பார்த்தார்கள். சில குழந்தைகளுக்கு உடல்நிலை சீரான பிறகு கங்காரு முறையைத் தொடங்கினார்கள். அவர்களில் 100க்குச் சுமார் 16 குழந்தைகள் இறந்தன. மற்றக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே தொடங்கினார்கள். அவர்களில் 100க்கு 12 குழந்தைகள் இறந்தன. உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது: முன்னதாகப் பிறந்த குழந்தையையும் எடை குறைந்த குழந்தையையும் ஒரு நாளில் 8 மணி நேரத்துக்குக் குறையாமல் இப்படி வைத்திருக்க வேண்டும். முடிந்தால் 24 மணி நேரமும்.

செய்வது எளிது. குழந்தைக்குத் தொப்பி, காலுறை, இடுப்புத் துணி மட்டும் போதும். தாயின் இரு மார்புகளுக்கு நடுவில், தோலோடு தோல் படும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும். முகத்தை ஒரு பக்கம் திருப்ப வேண்டும். மூக்கு மூடக்கூடாது, கழுத்து மடங்கக்கூடாது. மேலே புடவையால் சுற்றிக் கட்டலாம். தாய் களைத்தால் அப்பா கட்டிக்கொள்ளலாம். பாட்டியும் கட்டிக்கொள்ளலாம்.

சூடு வேண்டும் என்று மூடிய அறையில் கரி அடுப்பு வைக்கிறார்கள். வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் நச்சுக் காற்று குழந்தையையும் தாயையும் கொல்லும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குளிப்பாட்டக் கூடாது. எடை குறைந்த குழந்தை என்றால், மருத்துவர் சொல்லும்வரை துடைத்து எடுத்தால் போதும்.

பெம்பு போன்ற காப்பு எல்லா வீட்டுக்கும் வந்து சேராது. காப்பு இல்லாத வீட்டில் என்ன செய்வது? புறங்கையால் குழந்தையின் வயிற்றைத் தொட வேண்டும். பிறகு பாதத்தைத் தொட வேண்டும். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடு, பாதம் குளிர்ச்சி என்றால் குழந்தை குளிரத் தொடங்கிவிட்டது. உடனே நெஞ்சோடு அணைக்க வேண்டும். இரண்டுமே குளிர்ந்திருந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ காத்திருக்கக் கூடாது. நெஞ்சோடு கட்டிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

நீலசந்திரா வீட்டில் மகளுக்கு இது தெரியும். மருத்துவமனையில் நர்ஸ் சொல்லித் தந்திருந்தார். அவள் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். பாதம் சில்லென்று இருந்தது. வயிறும் சில்லென்று இருந்தது.

"அம்மா, இது தூக்கம் இல்ல. ஆட்டோ கூப்பிடு."

குழந்தையை ரவிக்கைக்குள் நெஞ்சோடு வைத்தாள். பாட்டி தன் கம்பளியை எடுத்து இருவரையும் சேர்த்துப் போர்த்தினாள்.

நான்கு நாள் கழித்து வீடு திரும்பினார்கள். இப்போது பாட்டியும் முறை வைத்துக் குழந்தையைச் சுமக்கிறாள். மகள் சாப்பிடும் நேரம் பாட்டியின் முறை. குழந்தை பாட்டியின் நெஞ்சில் அசைகிறது. வாயைத் திறந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்புகிறது.

"சீக்கிரம் சாப்பிடுடி" என்கிறாள் பாட்டி. "இவனுக்குப் பசி வந்துடுச்சு."