இரு மடிக்கணினிகளும் ஓர் அரக்கு வண்ணமும்



ஊரைவிட்டு வந்து வேற்று மாநிலத்தில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் விலையுயர்ந்த பொருள் ஒன்றை வாங்குவதென்றால், அதற்கு ஒரு சிறு சட்டசபையே கூடிவிடுவது வழக்கம். சென்ற ஆண்டு கோடையில், தில்லியிலுள்ள எங்கள் இல்லத்திலும் அத்தகைய சபை ஒன்று கூடியது. வரைகலைத் தொழில் செய்யும் எங்கள் மகளுக்கு இரு மடிக்கணினிகளுள் எதனை வாங்குவது என்பதே அங்கு எழுந்த வழக்கு. அது மூன்று வாரம் நடந்தது. அழைப்பிதழ், நூல் அட்டை, கடைப் பலகை முதலியவற்றைக் கணினியில் வரைந்து பொருளீட்டும் இளைஞர் இன்று எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் உள்ளனர். அவர்களுக்கும், அவர்களுக்காகப் பணம் எடுத்துவைக்கும் பெற்றோர்க்கும் பயன்படலாம் என்று கருதியே அவ்வழக்கின் விவரத்தை இங்கே சொல்ல முற்பட்டோம்.

முதலில் வழக்குக்கு மூலமான நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். எங்கள் மகளிடம் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. அதிலேயே அவள் ஒரு திருமண அழைப்பிதழை வரைந்தாள். பெண் வீட்டார் விரும்பியது ஒன்றே ஒன்று: அழைப்பிதழின் கரை, கூறைப்பட்டின் அரக்கு வண்ணத்தில் இருக்கவேண்டும். திரையில் அரக்கு வெளிறித் தெரிந்தது. அவள் சிவப்பைச் சிறிது கூட்டினாள். பின்னும் வெளிறலாகவே தோன்ற, மேலும் கூட்டினாள். திரையில் அரக்கு அரக்காகத் தெரிந்ததும் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டாள். ஐந்நூறு பிரதிகள் அச்சாகி வந்தன. பிரித்துப் பார்த்தால் கரை முழுதும் குங்குமச் சிவப்பு! அச்சகத்தார்மீது பிழை கூற இடமில்லை. கோப்பில் எந்த அளவு வண்ணம் குறிக்கப்பட்டிருந்ததோ, அதையே அவர்கள் அச்சிட்டிருந்தனர். முகூர்த்தத்துக்குப் பதினெட்டு நாட்களே இருந்தமையால், மறு அச்சுக்கான செலவை எங்கள் மகள் தானே ஏற்றாள். இரண்டு மாதம் உழைத்த ஊதியம் அதிலே போயிற்று. பெண் வீட்டார் நல்லவர்கள். ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. ஆயினும், அடுத்த வேலையை அவர்கள் வேறொருவரிடம் கொடுத்ததாகக் கேள்வியுற்றோம்.

திரை அவளை ஏமாற்றிவிட்டது என்பதே இதன் பொருள். விலை குறைந்த திரைகள் எல்லா வண்ணங்களையும் காட்ட வல்லவை அல்ல. சிறப்பாகச் செறிந்த சிவப்பையும் பச்சையையும் அவை வெளிறச் செய்துவிடும். தான் கண்ட வெளிறலைச் சரிசெய்வதாக எண்ணி, இல்லாத குறைக்கு மருந்து கொடுத்தாள் எங்கள் மகள்.

நிற்க. புதிய கணினிக்கு வேண்டிய தொகை எங்களிடம் ஒருவாறு இருந்தது. ஆனால் அது, கும்பகோணத்துக்கு அருகே உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் ஓடுகளை மாற்றுவதற்கென இரண்டாண்டுகளாகச் சேர்த்து வைத்தது. அவ்வீட்டில் இன்றும் எங்கள் மூதாட்டியார் வாழ்கிறார். தொலைபேசியில் செய்தியைச் சொன்னபோது, "ஐப்பசி மழைக்கு இன்னும் நாலு மாசம் கிடக்கிறது. ஒழுகுகிற இடத்தில் அண்டாவை வைத்துக்கொள்கிறேன். குழந்தைக்கு முதலில் வாங்கிக் கொடுங்கள்" என்றார். அவர் அவ்வாறு சொன்ன பிறகு, தவறான பொருளை வாங்கிவிடக்கூடாதே என்ற கவலை எங்களுக்கு இரட்டித்தது.

சபையின்முன் வந்த கணினிகள் இரண்டு. விற்பனைக்கு உள்ள கருவிகளைப் பெயர் சொல்லிப் புகழ்தலும் இகழ்தலும் வானொலி மரபன்று. ஆதலின் முதலாவது, இரண்டாவது என்றே குறிப்போம். இரண்டும் ஏறத்தாழ ஒரே விலை. முதலாவது விளையாட்டுப் பிரியர்களுக்கென ஆக்கப்பட்டது: வலிமை மிக்க கிராபிக்ஸ் கார்டு, பதினைந்தரை அங்குலத்துக்குச் சற்றே மிகுந்த திரை, இரண்டே கால் கிலோ எடை, அதன் மின்னூட்டும் அடாப்டரோ ஒரு செங்கல்லைப் போன்றது. இரண்டாவது மெல்லியது, ஒன்றேகால் கிலோ, தனியான கிராபிக்ஸ் கார்டு இல்லை, ஆனால் ஓஎல்இடி என்னும் உயர்ந்த வகைத் திரை உடையது. இரண்டிலும் நினைவகம் 16 ஜி.பி. எங்கள் மகன் முதலாவதன் வழக்கறிஞன். "வரைகலைக்குக் கிராபிக்ஸ் கார்டுதானே வேண்டும்? பெயரிலேயே இருக்கிறதே!" என்பது அவன் வாதம். பெயரொற்றுமையை நம்பி முடிவுக்கு வருவோர் அவன் ஒருவன் மட்டுமல்லன்.

திரையைப் பற்றி விற்பனைக் குறிப்பில் காணும் ஓர் எண்ணை நேயர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். முதலாவதன் குறிப்பில் "45% என்.டி.எஸ்.சி." என்று எழுதியிருந்தது. என்.டி.எஸ்.சி. என்பது 1953-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வண்ணத் தொலைக்காட்சிக்கென வகுக்கப்பட்ட அளவை. அந்தப் பழைய கோலை வைத்தே இன்றும் திரைகளை அளந்து சொல்கிறார்கள். கணினித் திரைகளுக்கென்று 1996-இல் ஹியூலெட் பாக்கார்டு, மைக்ரோசாப்ட் ஆகிய இரு நிறுவனங்களும் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற அளவையை முன்வைத்தன. இணையத்திலும் சாதாரண அச்சு வேலையிலும் நாம் பெரும்பாலும் புழங்குவது அதுவே. என்.டி.எஸ்.சி. கணக்கில் 72 விழுக்காடு இருந்தால்தான் பரப்பளவில் அது எஸ்.ஆர்.ஜி.பி.க்கு ஈடாகும். 45 விழுக்காடு என்பது அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே. மூன்றில் ஒரு பங்கு வண்ணங்களைக் காணாமலே ஓவியம் தீட்டும் ஒருவனை எண்ணிப் பாருங்கள்! எங்கள் மகளின் பழைய கணினித் திரையும் இதே 45 விழுக்காட்டு இனம் என்பதைக் குறிப்பைத் தேடிப் பார்த்தபின் அறிந்தோம்.

எண்களை மட்டும் நம்பாமல், நேரில் சோதிப்பதென்று தீர்மானித்து, ஜூன் மாதத்து வெயிலில் மெட்ரோ ரயிலேறி நேரு பிளேஸ் சந்தைக்குச் சென்றோம். தில்லியில் கணினி வாங்குவோர் போகும் இடம் அது என்பதைத் தலைநகரத்து நேயர்களுக்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. எங்கள் மகள், மறு அச்சில் சரியாக வந்த அந்த அழைப்பிதழ் ஒன்றையும் அதன் கோப்பையும் உடன் எடுத்து வந்திருந்தாள். கடைக்காரர் இரு கணினிகளையும் அருகருகே திறந்து வைத்தார். அதே கோப்பை இரண்டிலும் திறந்து, அச்சிட்ட அழைப்பிதழை நடுவே பிடித்தோம். முதலாவதில் அரக்கு, பலமுறை வெளுத்த துணியின் சாயம்போல் இருந்தது. இரண்டாவதில் என்ன கண்டோம் தெரியுமா? அரக்கு அரக்காக இல்லை, கனலாக எரிந்தது. "பாருங்கள் ஆன்ட்டிஜி, எத்தனை பளிச்சென்று இருக்கிறது!" என்று கடைக்காரர் இந்தியில் பெருமைப்பட்டார். எங்களுக்கோ அச்சம் உண்டாயிற்று. வெளிறிய திரை ஒருவகைப் பொய் சொன்னால், இந்தப் பளபளப்பு வேறு வகைப் பொய்யன்றோ?

இவ்விடத்தில்தான் எங்கள் மகள் தன் தொழிலறிவைக் காட்டினாள். வண்ணப் பரப்பு மிகுந்த திரையில், அளவையைக் கருதாமல் ஒரு படத்தைக் காட்டினால், எல்லாம் மிகைப்பட்டே தோன்றும். ஆனால் மிகையைக் குறைக்கலாம். இல்லாததைக் கூட்ட இயலாது. அவள் கணினியின் அமைப்புகளுட் புகுந்து, திரையை எஸ்.ஆர்.ஜி.பி. முறைக்கு மாற்றினாள். கனல் அடங்கியது. கண்கூசும் ஒளியையும் பாதியாகக் குறைத்தாள். ஏனெனில், ஒளி மிகுந்த திரையில் வரைந்தது தாளில் இருண்டுதான் வரும். இப்போது அழைப்பிதழும் திரையும் ஏறத்தாழ ஒன்றாயின. முற்றிலும் ஒன்றாகா, ஆகவும் முடியாது. திரை, சிவப்பு பச்சை நீலம் என்னும் ஒளிகளால் வண்ணம் காட்டுவது. அச்சோ, சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் ஆவது. ஒளியில் பிறக்கும் சில நீலங்களும் பச்சைகளும் மையில் பிறப்பதே இல்லை. ஆகவே எத்துணை நல்ல திரை இருப்பினும், பெரிய வேலைகளுக்கு அச்சகத்தாரிடம் ஒரு மாதிரிப் பிரதி வாங்கிப் பார்க்கும் வழக்கத்தை விடலாகாது.

கிராபிக்ஸ் கார்டு வீண் என்று நாங்கள் சொல்லவரவில்லை. முப்பரிமாண உருவங்கள் அமைப்போர்க்கும், திரைப்படத் துண்டுகளைத் தொகுப்போர்க்கும் அது கைகண்ட துணை. அழைப்பிதழும் நூலட்டையும் வரைவோர்க்கு அதன் உதவி சிறிதே. அவர்களுக்கு வேண்டுவது நினைவகம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்: 18 அங்குல அகலமும் 24 அங்குல உயரமும் உள்ள ஒரு சுவரொட்டியை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வரைந்தால், மூன்று கோடியே எண்பத்தெட்டு லட்சம் புள்ளிகளுக்கு மேலாகும். நான்கு மைக் கணக்கில், முழுதும் நிரம்பிய ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ 155 மெகாபைட். இருபது அடுக்குகள் போட்டால் மூன்று ஜி.பி.யைத் தாண்டும். 8 ஜி.பி. உள்ள கணினி இங்கே மூச்சுவாங்கும், 16 ஜி.பி.யே குறைந்த அளவு என்று கொள்ளலாம். இதில் இரண்டாவது கணினிக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அதன் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. பின்னால் கூட்ட இயலாது. முதலாவதிலோ மூடியைத் திறந்து 32 ஜி.பி. ஆக்கிக்கொள்ளலாம். எங்கள் மகன் இதைச் சுட்டிக்காட்டியபோது எங்களால் மறுமொழி கூற முடியவில்லை. ஓஎல்இடி திரையில் அசையாத ஒரே உருவம் நெடுநேரம் நின்றால் நாளடைவில் தழும்பு விழக்கூடும் என்பதையும் அவன் விடவில்லை.

தமிழ் வேலையைப் பற்றி ஒரு சொல். "எதில் தமிழ் நன்றாக வரும்?" என்று நண்பர்கள் கேட்டார்கள். அதில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால், அதற்குக் காரணம் பழைய எழுத்துருக் குறியீடோ, மென்பொருளில் தவறாக வைத்த அமைப்போ ஆகும், கணினியன்று. ஆனால் உங்கள் அச்சகத்தார் எந்த மென்பொருளின் கோப்பைக் கேட்கிறார்கள் என்பதைப் பணம் கொடுக்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். மாற்றலாகி ஊர் ஊராகச் செல்வோர், பழுது பார்க்கும் நிலையம் பல நகரங்களில் உண்டா என்றும் கேட்கவேண்டும்.

இறுதியில் எங்கள் மகளையே முடிவு செய்யச் சொன்னோம். அவள் வாரத்தில் நான்கு நாள் வாடிக்கையாளரைத் தேடி மெட்ரோவில் செல்பவள். அவர்கள் எதிரிலேயே திரையைத் திறந்து வண்ணம் காட்டவேண்டியவள். அவள் இரண்டாவதையே தேர்ந்தாள். வீட்டிலேயே அமர்ந்து வேலை செய்பவளாக இருந்தால், நாங்கள் முதலாவதையே வாங்கி, அதனோடு வண்ணப் பரப்பு நிறைந்த ஒரு தனித் திரையையும் இணைத்திருப்போம். நினைவகத்தையும் வேண்டியபோது கூட்டியிருப்போம். அவ்வாறு செய்வோரைத் தவறென்று சொல்லமாட்டோம். நல்ல திரை என்பது மட்டும் இரு வழியிலும் விலக்க முடியாத செலவு.

பெரிய சுவரொட்டி வேலை வரும்போது, புதிய கணினியும் சில வேளை தயங்கி நிற்கிறது. அப்போது எங்கள் மகன் வாய் திறவாமல் புன்னகை செய்கிறான். ஐப்பசியில் ஊரிலுள்ள கூடத்தில் அண்டா வைக்கத்தான் நேர்ந்தது. இவ்வாண்டு தை பிறந்ததும் ஓடுகளை மாற்றினோம். கொத்தனாருக்குக் கொடுத்த கூலியில் பாதி எங்கள் மகள் ஈட்டியது. முன்பு வேறொருவரிடம் சென்ற அந்தக் குடும்பத்தார், இளைய பெண்ணின் திருமண அழைப்பிதழுக்காக மீண்டும் அவளிடம் வந்திருக்கிறார்கள். இம்முறை அவர்கள் விரும்பும் வண்ணம் மயில்கழுத்து. மாதிரிப் பிரதி அச்சகத்திலிருந்து நாளை வருகிறது.