400-ஆவது பூனை



புலிகளைப் பற்றிப் பேசிப் பழகிய மேடையிலே இன்று ஒரு பூனையைப் பற்றிப் பேசப்போகிறேன். நகைக்காதீர்கள், கதையை முழுதும் கேளுங்கள்.

ஜப்பானிலே, கியூஷூ தீவிலே, மினமாட்டா என்றொரு கடற்கரை ஊர். அவ்வூர்ப் பூனைகள் ஆடின! ஆடிச் சுழன்று கடலிலே வீழ்ந்து மாண்டன. பூனைகள்தானே என்றிருந்தது உலகம். பிறகு மனிதருக்குக் கை நடுங்கிற்று, நாக் குழறிற்று, பார்வை குறுகிற்று. 1956 மே முதல் நாள் – ஆம், தொழிலாளர் திருநாளன்றே – ஆலை மருத்துவமனைத் தலைவர் ஹொசொகவா ஹாஜிமே, காரணம் அறியா நோய் பரவுகிறதென்று சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார். ஆலை, பின்னாளில் சிஸ்ஸோ எனப் பெயர் பூண்டது.

குமாமோட்டோ பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். 1959 ஜூலையிலே, மீன்வழி உடலேறிய கரிமப் பாதரசமே காரணம் என்றனர். பாதரசம் எங்கிருந்து வந்தது? நாங்களல்ல என்றது ஆலை.

அதே ஆண்டு, ஆலைக்குள்ளேயே ஹொசொகவா ஒரு சோதனை செய்தார். கழிவுநீரை உணவிலே கலந்து பூனைக்கு ஊட்டினார். அதன் எண் 400. அக்டோபரிலே அந்தப் பூனையும் ஆடிற்று!

விடை கிடைத்தது. கிடைத்த விடை எங்கே போயிற்று? ஆலைச் சுவருக்குள் அடைபட்டது. பல்கலைக்கழகத்தார் அறியார், மீனவர் அறியார், மீன் வாங்கிச் சென்ற தாய் அறியாள். நாடகத்துக்காக நான் புனைந்திருந்தால், இது மிகை என்று நீங்களே தள்ளியிருப்பீர்கள். 1965-இல் நீகாட்டாவிலே, அகானோ ஆற்றங்கரையிலே, வேறோர் ஆலையால் அதே நோய்! ஆலைக் கழிவே காரணமென்று அரசு ஒப்புக்கொண்டதோ 1968 செப்டம்பரில். சிஸ்ஸோ அந்த உற்பத்தி முறையைக் கைவிட்டுச் சில திங்கள் ஆனபின்! 1970-இல், நோய்ப்படுக்கையிலே கிடந்தபடி ஹொசொகவா பூனையின் கதையைச் சாட்சியமாகச் சொன்னார். 1973-இல் நீதிமன்றம் நோயாளர் பக்கம் தீர்ப்பளித்தது.

ஆலையை இழுத்து மூடச் சொல்கிறாயா என்பர் சிலர். இல்லை, ஐயா! அங்கே உழைப்பவனும் நம் தோழன்தான். நஞ்சு முதலில் தீண்டுவதும் அவனைத்தான். நாம் கேட்பது இது: மருத்துவரும், நீரையும் காற்றையும் அளப்போரும், தொழிலாளரும், ஊர் மக்களும் ஒருங்கிருந்து ஆராய அரசு பொருள் தரட்டும். கண்ட முடிவை ஊர்ச் சாவடிச் சுவரிலே ஒட்டட்டும். அரிசிக்கே பணமில்லை, ஆராய்ச்சிக்கா என்று கேட்போரே, அந்த அரிசியிலே என்ன கலந்திருக்கிறதென்று யார் சொல்வது?

படியாத மக்கள் ஆராய்ச்சிக்கு என்ன தருவர் என்று கேட்கிறீர்களா? கல்லூரியைப் பாதியிலே விட்டவனிடம் கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

மினமாட்டாவிலே ஒரு தாய்க்கு இரு மைந்தர். இருவருக்கும் ஒரே விதமான நடுக்கம். மூத்தவனுக்கு மினமாட்டா நோய் என்றனர். இளையவன் மீனே உண்ணாதவன், ஆதலால் அவனுக்கு வேறு நோய் என்றனர். அந்தத் தாய் ஹராடா மசஸுமி என்னும் இளம் மருத்துவரிடம், மீனை நான் உண்டேன், நஞ்சு வயிற்றுப் பிள்ளைக்குப் போயிற்று என்று வாதாடினாள். கருப்பையை நஞ்சு எட்டாது என்றன அன்றைய மருத்துவ ஏடுகள். 1962-இல் தாய் சொன்னதே மெய்யாயிற்று.

பிள்ளையின் தொப்புள்கொடியை உலர்த்திச் சிறு பேழையிலே காப்பது ஜப்பானியர் வழக்கம். தாயத்திலே அடைத்துக் கட்டும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டே! ஹராடா வீடு வீடாகச் சென்று கேட்டார். அன்னையர் பேழையைத் திறந்து தந்தனர். ஆய்வுக்கூடத்திலே அளந்தனர். ஆலையின் உற்பத்தி ஏறிய ஆண்டுகளிலே கொடியிலும் பாதரசம் ஏறியிருந்தது. உற்பத்தி இறங்கிய ஆண்டுகளிலே இறங்கியிருந்தது. ஆலை மறைத்த கணக்கு, அன்னையர் வீட்டுப் பேழையிலே இருந்தது.