குழாய்த் தண்ணீர்: விசாரிப்பது நம் உரிமை

(மாமல்லபுரம் வட்டாரக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



தண்ணீர் கண்ணாடி போலிருந்தால் நல்ல தண்ணீர் என்று நாம் நம்புகிறோம். நம்பலாமா? 1854-ல் லண்டனில் ஒரு தெருப் பம்பில் தண்ணீர் பிடித்த ஏழை எளியவர்கள் நூற்றுக்கணக்கில் காலராவில் மாண்டார்கள். அது ருசிக்குப் பேர்போன தண்ணீர்! கெட்ட காற்றால் வந்த நோய் என்றார்கள் பெரிய மனிதர்கள். ஜான் ஸ்நோ என்ற டாக்டர் வீடு வீடாய் விசாரித்து, குற்றவாளி தண்ணீரே என்று காட்டினார்.

நமக்கு எதிரிகள் இரண்டு: ஒன்று உப்பு, மற்றொன்று கிருமி.

கடலோர மணலடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே சுமார் 40 அடி நல்ல தண்ணீர் உண்டு. மோட்டார் வைத்து உறிஞ்சி மேலே ஓரடி இறக்கினால், காலப்போக்கில் உப்பு 40 அடி ஏறும். லாரியில் ஏற்றி விற்பவனுக்கு லாபம். உவர்க் கிணறு கூலிக்காரனுக்கு! காய்ச்சினாலும் உப்புப் போகாது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகள் இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-ல் வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024-ல் இரண்டாவது ஆலை. 15 கோடி லிட்டர். தண்ணீர் சென்னையின் தென்பகுதிக்குப் போகிறது. பட்டணத்து ஜனங்கள் குடிக்கட்டும். அவர்களோடு நமக்குச் சண்டையில்லை. கரையில் இருப்பவன் குடமும் நிறைய வேண்டும் என்கிறோம்.

அடுத்தது கிருமி. தண்ணீர் நின்ற நேரத்தில் குழாய் காலியாகிறது. விரிசல் வழியே சாக்கடையை உள்ளே இழுக்கிறது. ஆகவே முதலில் வரும் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். கொதிக்கக் காய்ச்சினால் கிருமி சாகும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில் தலித் மக்களின் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பரில் வெளிப்பட்டது. முதலில் நோயில் விழுந்தவர்கள் குழந்தைகள்! தொட்டிக்கு மூடியும் பூட்டும் காவலும் கேட்பது அற்ப விஷயமல்ல.

கிராம சபையில் மூன்று கேள்வி கேளுங்கள். தொட்டியை என்றைக்குக் கழுவினீர்கள்? குளோரின் போடுவது யார், எவ்வளவு? பரிசோதனை முடிவு எங்கே? ஜல்ஜீவன் திட்டப்படி கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும். நம் ஊரில் அந்த ஐவர் யார்? இல்லையென்றால், நம் வீட்டுப் பெண்களின் பெயரைக் கொடுப்போம்.

தனியாகக் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள். தெருவே திரண்டு கேட்டால் காகிதம் கைக்கு வரும். கேட்போம், வாருங்கள்!