சப்பாத்தின் உள்ளே

மாலை வேளையிற் கொட்டாஞ்சேனையின் விளையாட்டுத் திடல் ஓரத்தில் நிற்பவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். உதைபந்தாடும் சிறுவன் ஒருவன் இடைநடுவே வெளியே வந்து, சப்பாத்தைக் கழற்றிக் குதிகாலைத் தடவிக்கொண்டிருப்பான். அடுத்த ஆண்டுக்கும் உதவட்டும் என்று தகப்பனார் ஓரளவு பெரிதாக வாங்கியிருப்பார். அவரைக் குறைசொல்வதற்கில்லை, சப்பாத்தின் விலை அப்படி. ஆனால் காலுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. குதிகால் வழுக்கிக் கொப்புளம் எழுகிறது. பாதம் முன்னே சறுக்கி, நகம் முனையில் மோதிக் கறுக்கிறது.

உடனே வெள்ளவத்தைக் காலி வீதிக்குச் சென்று 'இன்சோல்' ஒன்றை வாங்கி உள்ளே செருகுவார்கள். குளிர்நாடுகளிற் பனிக்கட்டிமேல் ஹொக்கி ஆடுவோரும், காலைக் கடிக்கும் சறுக்குச் சப்பாத்துக்கு இதே பரிகாரத்தைத்தான் தேடுகிறார்கள். சப்பாத்துத் தளர்வானால் இது பலன் தரும். இறுக்கமானதற்குள் தடித்த மெத்தையை இடுவதோ, நிறைந்த பஸ்ஸில் இன்னொருவரை ஏற்றுவதற்கு ஒப்பாகும். விரல்கள் நெரிபடும், குதிகாலும் மேலெழுந்து, அதனைப் பற்றிநிற்கும் பின்சுவரைவிட்டு வெளிவரும். அத்தகைய சப்பாத்துக்கு வேண்டியது வேறு அளவே.

ஆகையால் முதலிற் பழைய உள்ளடியை வெளியே எடுத்து, அதன்மேல் வெறுங்காலுடன் எழுந்து நிற்றல் வேண்டும். பாதம் ஓரங்களில் வழிந்தால் சப்பாத்தே ஒடுக்கம். அதில் அமிழ்ந்துள்ள தடங்கள், பாரம் எங்கே விழுகிறது என்பதைக் காட்டிவிடும். புதியதை வெட்டுவதற்கும் பழையதே அச்சு. விரற்பக்கத்தை மாத்திரம் வெட்டவேண்டும். பழையதன்மேலேயே புதியதையும் வைத்து அடைப்பது பலருடைய வழக்கம், நல்ல வழக்கமன்று. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில், ஆட்டத்துக்கு அணியும் காலுறையோடுதான் போட்டுப் பார்த்தல் நன்று. கடையில் விரலால் அமுக்கும்போது பஞ்சுபோல் இன்பந்தருவது சில வாரங்களிலே தட்டையாகிவிடுவதுண்டு. குதிகாலையும் பாதத்தின் வளைவையும் தாங்கும் சற்றே உறுதியானது நெடுநாள் உழைக்கும்.

அந்தச் சிறுவனுக்குக் கால் நொந்தது. அவன் வெளியே வந்தான். நோவே தெரியாத கால்களும் உண்டு. தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் 1914இற் பிறந்த ஆங்கில அறுவைவைத்தியர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் பாதப்புண்களுக்குப் பெருங்காரணம் சதை தானே அழுகுவதன்று, உணர்ச்சியற்ற பாதம் உராய்வையும் அழுத்தத்தையும் அறியாமையே என்று அவர் கண்டார். எனவே பாரம் ஓரிடத்தில் குவியாமற் பரவும்படி, நுண்ணறைகள் கொண்ட மென்ரப்பரால் உள்ளடி அமைத்த பாதரட்சைகள் அங்கே செய்யப்பட்டன. 'எம்.சி.ஆர்.' செருப்பு என்று கடைகளில் வழங்குவது அந்த ரப்பரின் பெயரால்தான்.

நீண்டகால நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவர்களின் நிலையும் இதுவே. அவர்கள் "போட்டேன், நோகவில்லை" என்று சொல்லி எதனையும் தெரிந்துகொள்ளல் ஆகாது. வைத்தியரிடம் பாதத்தைக் காட்டியே உள்ளடி பெறவேண்டும். புதிதாக அணிந்த நாட்களில் சிறிது நேரம் நடந்தபின் கழற்றி, தோல் எங்கே சிவந்திருக்கிறது என்று வீட்டிலுள்ள ஒருவர் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் அணியுமுன் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவுவது அவசியம். சிறு கல்லோ, மடிந்த ஓரமோ அங்கே இருந்தால், கால் அறியாததைக் கை அறியும்.