சடைநாயும் கோம்பையும்

ஆண்டிபட்டியிலும் அதனை அடுத்த தேனி, கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களிலும், உடல் முழுதும் வெண்மயிர் அடர்ந்து, வளர்ந்த பின்னும் முழங்கால் உயரத்தைத் தாண்டாத வீட்டு நாயைச் சடைநாய் என்று அழைப்போர் உண்டு. அதனினும் பரவலாக வழங்குவது, பொமரேனியன் என்னும் அயற்சொல் பேச்சில் தேய்ந்து அமைந்த 'பொமேரியன்' என்பதாகும். இவ்வுருவச் சிறுமைக்குப் பழஞ்சொல் உண்டோ எனத் தேடினால், நாயின் இளமைக்குக் குருளை என்னும் பெயரைத் தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது. ஆயினும் அது பருவத்தைக் குறிப்பதே அன்றி, முதிர்ந்த பின்னும் மாறாத உருவச் சிறுமையைக் குறிப்பதன்று.

பொமரேனியா என்பது பால்டிக் கடலின் தென்கரையில், இன்றைய போலந்திலும் ஜெர்மனியிலுமாகப் பரந்து கிடக்கும் நிலம். ஸ்லாவிய மொழிகளில் 'போ' என்பது ஒட்டிய இடத்தையும் 'மோரே' என்பது கடலையும் உணர்த்துவதால், அந்நிலப்பெயருக்குக் கடலோரம் என்பதே பொருள். தமிழ்த் திணை வழக்கில் கூறினால் அது நெய்தல். அந்நிலத்தின் பெயரைப் பெற்ற நாய் தொடக்கத்தில் இத்துணைச் சிறியதன்று. கூர்முகமும் நிமிர்ந்த செவியும் முதுகின்மேல் சுருண்ட வாலும் உடைய ஸ்பிட்ஸ் என்னும் நாய்க்குடும்பத்தைச் சேர்ந்த அது, விக்டோரியா அரசி 1888இல் பிளாரன்ஸ் நகரிலிருந்து மார்கோ என்னும் சிறிய நாயைக் கொண்டு சென்றபின், இங்கிலாந்தில் மேலும் மேலும் சிறிதாக வளர்க்கப்பட்டது. தமிழ்நாட்டுத் தெருக்களில் பொமேரியன் எனப்படுபவற்றுள் பலவும் உண்மையில் அதன் உறவினமாகிய இந்தியன் ஸ்பிட்ஸ் என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும்.

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கோ தன் ஊர் ஒன்றின் பெயரையே ஒரு நாய்க்குத் தந்த மண். உத்தமபாளையம் வட்டத்தில் மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த கோம்பை என்னும் ஊரே, செம்பழுப்பு உடலும் கரிய முகமும் கொண்ட கோம்பை நாய்க்குப் பெயர் அளித்தது. மலைகள் சூழ உள்வாங்கிக் கிடக்கும் நிலத்தைக் கோம்பை என்பது மலையடிவார மக்களின் வழக்கு. ஆண்டிபட்டி வட்டத்திலேயே வருசநாட்டுப் பக்கம் உள்ள கோம்பைத்தொழு என்னும் ஊர்ப்பெயரிலும் அச்சொல் நிற்கிறது. தொழு என்பது மாடு கட்டும் இடம்; ஆண்டிபட்டியின் பட்டிக்கும் ஆடுமாடு அடைக்கும் இடம் என்னும் பொருள் உண்டு. தொழுவையும் பட்டியையும் இரவெல்லாம் காத்த கோம்பைக் காவல்நாயின் பெயர், கடலோரப் பெயர் பூண்ட சடைநாயின் பெயரளவுக்கேனும் இவ்வூர்ப் பிள்ளைகளின் நாவில் புழங்குவது முறையாகும். தபால்தலையிலும் அப்பெயர் விடுபட்டதே: இந்திய அஞ்சல் துறை 2005இல் வெளியிட்ட நாய்த் தபால்தலைகள் நான்கனுள் ராஜபாளையம் நாய் இடம்பெற்றது, கோம்பை இடம்பெறவில்லை.