மோட்டார் வண்டியின் அவையடக்கம்



காப்பியம் இயற்றிய பழந்தமிழ்ப் புலவர்கள் நூலின் முகப்பில் அவையடக்கம் கூறுதலை ஒரு மரபாகக் கொண்டிருந்தனர். கற்றோர் கூடிய அவையில் தம் சொல் பிழைபடலாம் என்று அஞ்சும் பண்பு அது. மோட்டார் வண்டிக்குள்ளும் ஓர் அவை உண்டு, அங்கும் அவையடக்கம் உண்டு என்று நான் கூறின் நீங்கள் நகைக்கலாம். நான் கலைப் பட்டதாரி. மின்னியல் என் துறையன்று. எனினும் ஓர் இரவு நேர்ந்த இடர் என்னை அத்துறைக்கு இழுத்துச் சென்றது.

சென்ற மாரியில் ஒரு நள்ளிரவு என் தாயாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. காரின் சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்ற ஓசையன்றி வேறொன்றும் எழவில்லை. அயல்வீட்டுத் தம்பி தமது முச்சக்கர வண்டியில் ஏற்றிச் சென்று வைத்தியசாலையிற் சேர்த்தார்; தாயாரும் தேறினார். ஆயினும் என் மனம் ஆறவில்லை. அதற்கு முன்னரே இரு முறை புதுப் பற்றரி வாங்கியிருந்தேன். மூன்று, நான்கு நாள் ஓடாது நின்றாற் போதும், வண்டி மீண்டும் கிளம்பாது. திருத்துமிடத்தார் ஒவ்வொரு முறையும் பற்றரியையே பழித்தனர்.

என்னிடம் முன்னர் வரலாறு பயின்ற மாணவர் ஒருவர் இப்போது மோட்டார் மின்வேலை செய்கிறார். அவர் வந்து அளவுகருவியைப் பொருத்தி அரைமணி நேரம் காத்திருந்தார். பின்பு, "சேர், பற்றரியில பிழையில்லை. உங்கட கார் நித்திரை கொள்ளுதில்லை," என்றார். அந்தச் சொற்களின் பொருளைத் தேடியதன் விளைவே இவ்வுரை.

முற்காலத்து வண்டியில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் கம்பி ஓடியது. கருவிகள் பெருகக் கம்பியும் பெருகியது. ஜெர்மனியின் பொஷ் நிறுவனத்தார் 1983ஆம் ஆண்டில் இதற்கு மாற்றுக் காணத் தொடங்கி, 1986இல் அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரில் நடந்த பொறியியலாளர் மாநாட்டில் தம் முறையை வெளியிட்டனர். 'கான்' என்பது அதன் சுருக்கப் பெயர். இயந்திரம், பிறேக், கதவு, விளக்கு முதலியவற்றை ஆளும் சிறு கணினிகள் எல்லாம் முறுக்கிய இரு கம்பிகளின்மீதே பேசுகின்றன. இக்கம்பி வழிக்கும் 'பஸ்' என்றே பெயர். எல்லோர்க்கும் உரியது என்னும் பொருள்கொண்ட 'ஒம்னிபஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வால் அது. நாம் ஏறிச் செல்லும் பஸ்ஸும் அதே வாலைத்தான் பிடித்திருக்கிறது.

ஒவ்வொரு கணினிக்கும் கம்பிக்கும் இடையே 'டிரான்ஸ்சீவர்' எனப்படும் ஒரு சில்லு நிற்கிறது. அதனை வாயிற்சில்லு என்பேன். வாயில் என்பதற்குத் தமிழில் உள்ள இரு பொருளும் அதற்குப் பொருந்தும். ஒருவரும் பேசாத வேளை இரு கம்பிகளிலும் ஏறத்தாழ 2.5 வோல்ற் நிற்கும். பேசுவோன் ஒன்றை 3.5 ஆக உயர்த்தி மற்றதை 1.5 ஆகத் தாழ்த்துகிறான். கேட்போன் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையே நோக்குகிறான். ஆதலின் அயலிலிருந்து வரும் மின்னிரைச்சல் இரு கம்பியிலும் ஒருங்கே விழுந்தாற் பேச்சுக் கெடுவதில்லை.

இனி, ஒருவன் பழுதடைந்தால் என்ன நேரும்? கம்பியை உயர்த்தித் தாழ்த்திய நிலையிலேயே விட்டுவிட்டானாயின் அவை முழுவதும் ஊமையாகும். ஒரு கதவின் கணினி கெட்டமையால் பிறேக் கணினியின் சொல் கேளாமற் போகலாம். இதற்காகவே வாயிற்சில்லுக்குள் ஒரு காலவெல்லை உண்டு. தன் கணினி சில மில்லிசெக்கனுக்கு மேல் அதே குரலைத் தொடர்ந்து எழுப்பின், கணினியைக் கேளாமலே சில்லு அதன் வாயை அடைத்துவிடும். கம்பிகள் உராய்ந்து குறுக்குச் சுற்று ஏற்படின் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும். அப்பொழுதும் தன் உள்வெப்பம் 160, 170 பாகை சென்றிகிரேட்டைத் தாண்டுமாயின் பேசுதலை நிறுத்தும், ஆறியபின் மீளும். ஊட்டும் மின்னழுத்தம் குறையின், பிறர் பேச்சுக்கு இடையூறின்றிக் கம்பியினின்றும் விலகிக்கொள்ளும்.

சில்லுக்குப் பின்னாலுள்ள கட்டுப்படுத்தி தன் பிழைகளுக்குக் கணக்கும் வைக்கிறது. அனுப்பிய செய்தி பிழைபட்டால் எட்டுப் புள்ளி ஏறும். செம்மையாகச் சென்றால் ஒன்றே இறங்கும். எங்கள் பாடசாலையில் இவ்வாறு புள்ளியிட்டாற் பெற்றோர் என்னை விட்டுவைப்பரோ, அறியேன். புள்ளி 127ஐக் கடந்தால், பிறர் பேச்சிற் குற்றங்கண்டு அதனைக் குலைக்கும் உரிமையை அது இழக்கும். 255ஐக் கடந்தால் அவையினின்றும் தானே வெளியேறும். பின்பு கம்பியில் 11 துடிப்பு நீளமான அமைதியை 128 தடவை கண்டாலன்றி அது மீண்டும் பேசலாகாது. வெளியேற்றுவார் பிறரில்லை, குற்றவாளியும் நீதிபதியும் ஒருவரே. மனிதர் நடத்தும் கூட்டங்கள் பலவற்றுக்குத் தலைமை தாங்கிய எனக்கு, இவ்வேற்பாட்டை எண்ணுந்தோறும் பொறாமையே உண்டாகிறது.

வாயிற்சில்லின் நிலைகளையும் கூறவேண்டும். பேசியும் கேட்டும் இருப்பது வழக்கமான நிலை. பேசாது கேட்டல் மட்டும் செய்வது இரண்டாவது. பழுது ஆராயும்போது அது பயன்படும். மூன்றாவது, கண்ணயர்ந்து காதை மட்டும் திறந்துவைத்தல். நான்காவதே ஆழ்ந்த நித்திரை. இதிற் சில்லு தன் கணினிக்குச் செல்லும் மின்னூட்டத்தையும் நிறுத்தச் செய்துவிடும். எல்லாச் சில்லுகளிலும் இந்நான்கும் இருப்பதில்லை. நித்திரையிலுள்ள சில்லுக்கு மைக்ரோஅம்பியர் கணக்கில் மின்னோட்டம் போதும். கம்பியில் ஒரு குரல் எழுந்தால் அது விழித்துத் தன் கணினியையும் எழுப்பும்.

என் வண்டியின் நோய் இங்கேதான் இருந்தது. முந்திய உரிமையாளர் பொருத்திய இசைக்கருவியோடு ஒரு சிறு பெட்டி இவ்விரு கம்பிகளில் இணைக்கப்பட்டிருந்தது. வண்டி பூட்டிய பின்னும் அது இடையிடையே குரல் கொடுத்து, உறங்கப்போன கணினிகளையெல்லாம் எழுப்பிக்கொண்டே இருந்தது. அதன் பேச்சிற் பிழையொன்றும் இல்லை. ஆகவே காலவெல்லையும் பிழைக்கணக்கும் அதனைத் தடுக்கவில்லை. ஓய்ந்திருக்கும் வண்டி 50 மில்லிஅம்பியருக்கு மேல் உண்ணலாகாது. எனது 400 உண்டது. 45 அம்பியர்மணிப் பற்றரி அவ்வாறாயின் ஐந்து நாளுக்குள் வெறுமையாகும். வண்டியைக் கிளப்பும் வலு அதற்கு முன்னரே போய்விடும். பெட்டியைக் கழற்றிச் சில நிமிடத்தில் அளவு 30க்கு இறங்கியது.

வண்டி வைத்திருப்போர் ஒன்றை அறிந்திருத்தல் நன்று. கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை உண்டு. பற்றரியைக் கழற்றியபின் இரு கம்பிகளுக்குமிடையே அளந்தால் 60 ஓம் காட்டவேண்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்தது; பூச்சியத்தை அண்டினாற் கம்பிகள் தம்முள் முட்டுகின்றன. இந்தச் சிறு சோதனையைச் செய்யாது விலையுயர்ந்த கணினிகளை மாற்றச் சொல்வோரிடம், முதலில் அளந்து காட்டும்படி கேளுங்கள். நான் கேளாமையால் இரு பற்றரிக்குப் பணம் கொடுத்தேன்.

அவற்றுள் முதலாவதை எறியாது வைத்திருந்தேன். மாணவர் மின்னேற்றிச் சோதித்து, இன்னும் பயன்படும் என்றார். அது இப்பொழுது எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கிறது. அந்தச் சிறு பெட்டியும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது.