தேசப்படம் எழுதியது யார்?

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



செல்போனில் பார்க்கும் தேசப்படத்தைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். நான் பூகோளம் படித்துப் பட்டம் வாங்கியவனல்ல. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். பார்த்தும் படித்தும் தெரிந்து கொண்டதைச் சொல்லுகிறேன். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஒப்புக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

பள்ளிக்கூடச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட தேசப்படத்தை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். வாத்தியார் பிரம்பால் காட்டுவார், நாம் பார்ப்போம். கேள்வி கேட்டால் பிரம்பு நம் பக்கம் திரும்பும். இன்றைய படம் அப்படியல்ல. விரலால் விரித்தால் தேசம் ஜில்லாவாகிறது, ஜில்லா ஊராகிறது, ஊர் தெருவாகிறது. ஒரு புள்ளியைத் தொட்டால் அது பள்ளிக்கூடமா, சாராயக்கடையா என்று பதில் சொல்லுகிறது. இதெல்லாம் வேடிக்கைதான். ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது, அதில் நாமும் எழுதலாம் என்பதேயாகும்.

2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற படத்தைத் தொடங்கினார். அந்நாட்டுச் சர்க்கார் அளவை இலாகாவின் விவரங்களை எடுத்தாள வேண்டுமானால் அதற்கு விலையும் இருந்தது, நிபந்தனையும் இருந்தது. “அப்படியானால் நாமே நடந்து அளந்து எழுதிக் கொள்வோம்” என்று கிளம்பினார்கள். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், யாரும் இலவசமாக எடுத்துக் கொள்ளலாம் என்பது அதன் ஏற்பாடு.

இங்கிலாந்துக்காரனுக்குப் படத்தில் ஒரு தெரு விட்டுப்போனால் கொஞ்சம் அசௌகரியம், அவ்வளவுதான். ஏழைக்கு அப்படியா? கென்யா நாட்டின் தலைநகராகிய நைரோபியில் கிபேரா என்றொரு குடிசைப் பகுதி இருக்கிறது. நடுவே ரயில் பாதை ஓடுகிறது. ஒட்டினாற்போல் பணக்காரர்கள் பந்தடிக்கும் கோல்ப் மைதானமும் இருக்கிறது. அங்கே பத்து லட்சம் பேர் இருப்பதாகப் பலரும் சொல்லி வந்தார்கள். 2009-ல் சர்க்கார் தலையெண்ணியபோது கிடைத்த கணக்கு 1,70,070. எது சரி என்ற சண்டை ஒருபுறம் இருக்கட்டும். லட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்கள் உண்டு உறங்கிப் பிள்ளை பெற்று வாழும் அந்த இடம், அதுவரை இன்டர்நெட்டில் எவரும் பார்க்கக் கிடைத்த படங்களில் வெறும் வெள்ளையாகக் கிடந்தது! தெருவுமில்லை, சந்துமில்லை. ஆள் இல்லாத இடத்துக்குக் குழாய் எதற்கு, விளக்கு எதற்கு என்று அதிகாரி கேட்டால் என்ன பதில் சொல்லுவது?

அதே 2009-ல் கிபேராவின் வாலிபர்களும் பெண்களும் ஜி.பி.எஸ். கருவியைக் கையில் வாங்கிக் கொண்டு தங்கள் சந்துகளில் தாங்களே நடந்தார்கள். எங்கே தண்ணீர் விற்கிறார்கள், எங்கே கக்கூஸ், எங்கே வைத்தியசாலை, எந்தச் சந்தில் இருட்டிய பிறகு பெண்கள் நடக்க முடியாது, இவையெல்லாம் படத்தில் ஏறின. படத்தைக் காகிதத்தில் அச்சடித்து ஊராரிடம் விரித்து வைத்து, விட்டதைச் சேர்த்தார்கள். இதனால் மறுநாளே குழாயில் தண்ணீர் கொட்டியதென்று நான் புளுகமாட்டேன். “அங்கே ஒன்றுமில்லை” என்று சொல்லுகிற வாய் அடைத்தது. அதுவே பெரிய காரியம் அல்லவா?

2010 ஜனவரி 12-ல் ஹெய்த்தி நாட்டில் பூகம்பம் வந்து தலைநகரம் தரைமட்டமாயிற்று. உதவிக்குப் போகிறவர்களிடம் சரியான தெருப்படம் இல்லை. பல தேசங்களில் தத்தம் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள், செயற்கைக்கோள் பிடித்த படத்தைப் பார்த்து, சில நாட்களுக்குள் அந்நகரின் தெருக்களை வரைந்து முடித்தார்கள். மீட்புக்காரர்கள் அந்தப் படத்தை ஜி.பி.எஸ். கருவிகளில் ஏற்றிக் கொண்டு போனார்கள்.

“கண்டவனெல்லாம் எழுதினால் பொய் நுழையாதா?” என்று ஒரு தோழர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நியாயமான கேள்வி. நுழையும். ஆனால் எந்தக் கணக்கிலிருந்து, எந்தத் தேதியில், என்ன மாற்றப்பட்டது என்பது அங்கேயே பதிவாகியிருக்கும். பொய்யென்று கண்டால் இன்னொருவன் அழித்துப் பழையபடி வைக்கலாம். பெரிய கம்பெனிப் படத்தில் மட்டும் ஒரே உண்மையா இருக்கிறது? கூகுள் படத்தை இந்தியாவிலிருந்து திறந்தால் காஷ்மீர் எல்லை ஒரு விதம். வெளிநாட்டில் திறந்தால் வேறு விதம். ஆளுக்கொரு எல்லை!

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எழுத முடிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் எழுதிவிடக் கூடாது. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் அதே கென்யாவில் கலகம் நடந்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர் மாண்டார்கள். எங்கே அடிதடி, எங்கே தீ என்று ஜனங்கள் அனுப்பிய செய்திகளை உடனுக்குடன் படத்தில் குறிக்க, 2008-ல் உஷாஹிடி என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். சுவாஹிலியில் அதற்குச் சாட்சியம் என்று பொருள். அப்பேர்ப்பட்ட சமயத்தில் தீ எரியும் தெருவைக் குறிப்பது உபகாரம். உயிருக்குப் பயந்து ஒளிந்திருப்பவளின் வீட்டைக் குறிப்பது கொலைகாரனுக்கு வழிகாட்டுவதாகும். படத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது, எழுதுகிறவனுக்குத்தான் தெரியவேண்டும்.

நேரமாகிவிட்டதென்று தலைவர் மணியைப் பார்க்கிறார். கூட்டம் கலைந்ததும் என் செல்போனில் இந்த ஊரைத் திறந்து மேஜைமேல் வைக்கிறேன். கடைவீதி இருக்கிறது, கோவில் இருக்கிறது. கடைசித் தெருக்கள் வரை இருக்கின்றனவா என்று அந்தத் தெருக்காரர்களே வந்து பார்த்துச் சொல்லுங்கள். விட்டுப் போயிருந்தால் இன்றிரவே உட்கார்ந்து எழுதிவிடலாம்.